பழைய காசுக்கு விலை வருவது எதனால்? நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கான விளக்கம்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் லட்சாதிபதி ஆகலாம், வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த காசை எடுத்து வையுங்கள் என்றெல்லாம் கைபேசிக்கு வரும் விளம்பரங்கள் சில ஆண்டுகளாக ஓயவே இல்லை. இப்படிப்பட்ட பழைய நோட்டு, காசு பேரங்களில் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரிக்கை வெளியிட்டது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. பரணில் கிடக்கும் பித்தளைச் செம்புக்குள் பத்திருபது பழைய காசு இல்லாத வீடு குறைவு. அதற்கு உண்மையில் மதிப்பு உண்டா, உண்டென்றால் எதனால், அதைக் கொண்டு நாணயம் சேர்க்கத் தொடங்க முடியுமா என்ற கேள்விகள் நியாயமானவை.

விலை எப்படி உருவாகிறது என்பது தெரிந்துவிட்டால் இந்த விளம்பரங்கள் பொய் என்பதும் தானாகவே விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

வயது விலையைத் தருவதில்லை

மூன்று காசுகளை எடுத்துக்கொள்வோம்.

1. முதலாம் ராஜராஜன் பெயர் நாகரி எழுத்தில் பொறித்த செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு.
2. விக்டோரியா ராணியின் உருவமும் 1862 என்ற ஆண்டும் உள்ள வெள்ளி ரூபாய்.
3. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

இவற்றில் மிகவும் விலை குறைந்தது ஆயிரம் ஆண்டு பழைய ராஜராஜன் காசுதான். தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. 1862 ரூபாயும் அரிதல்ல. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலேயே 1874 வரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் அது ஏராளமாகப் புழங்கியது. சாதாரண நிலையில் உள்ள ஒன்றின் விலை அதிலுள்ள வெள்ளியின் விலையை ஒட்டியே நிற்கும். வயதில் இளைய 1939 ரூபாய்தான் மற்ற இரண்டையும் பல மடங்கு மிஞ்சுகிறது.

காரணம் போர்க்காலப் பொருளாதாரம். 1940இல் ரூபாயில் இருந்த வெள்ளியின் அளவு 91.7 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய உயர்தர வெள்ளிக் காசுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. 1939 ரூபாயில் பெரும்பகுதி அந்த உலையில் போய்விட்டது, மிஞ்சியவை சொற்பம். போருக்குப் பிறகு, அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் 1947இல் ரூபாய் முழுக்க நிக்கலாகவே மாறியது. புலி உருவம் உள்ள அந்த நிக்கல் ரூபாயை வெள்ளி என்று நினைத்துப் பொத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயின் கதையும் இதே வகைதான். மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவம் பார்ப்பதற்குப் பன்றி போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. வெளியீடு நிறுத்தப்பட்டு, எஞ்சியவை உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டு யானையின் உருவத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட எத்தனை உயிர் பிழைத்தன என்பதே கணக்கு.

ஆக, ஒரு காசின் விலையைத் தீர்மானிப்பவை மூன்று:

1. எஞ்சியிருக்கும் எண்ணிக்கை. இன்று சேகரிப்பாளர்களின் கைக்கு எட்டக்கூடியவை எத்தனை என்பது.
2. நிலை. ஒரே ஆண்டு, ஒரே வகைக் காசில் தேய்ந்தது நூறு ரூபாய் என்றால், தேயாதது ஆயிரங்களில் போகலாம்.
3. தேவை. அரிதாக இருந்தும் தேடுவார் இல்லாத காசு மலிவாகவே கிடக்கும். மாறாக, பலர் வரிசையாகச் சேர்க்கும் ஒரு தொகுப்பில் விடுபட்டிருக்கும் ஓர் ஆண்டுக் காசுக்குப் போட்டி இருக்கும்.

வெள்ளிக் காசுக்கு மட்டும் நான்காவதாக ஓர் அடிமட்டம் உண்டு. பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரையிலான ரூபாயில் தூய வெள்ளி சுமார் 10.7 கிராமும், 1940 முதல் 1945 வரையிலானதில் சுமார் 5.8 கிராமும் இருக்கும். விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதே அந்தக் காசின் குறைந்தபட்ச மதிப்பு. இதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் அச்சான நோட்டு, இன்றும் ஐந்து ரூபாயாகச் செல்லும். வைஷ்ணோ தேவி காசு, அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012ஆம் ஆண்டு எண்ணுடன் அன்றாடப் புழக்கத்துக்கென வெளியிடப்பட்டது. இரண்டிலும் எண்ணிக்கை என்ற முதல் நிபந்தனையே அடிபட்டுப்போகிறது. 20 பைசா தாமரைக் காசில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சும் அப்படித்தான். மஞ்சளாகத் தெரிவது பித்தளை வகை உலோகம்.

ஒரு காசைப் படிப்பது எப்படி

நாணயம் சேர்ப்பதில் முதல் திறமை பார்ப்பதுதான். வாங்குவது பிறகு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறு மின்னணுத் தராசு, ஒரு காந்தம், ஒரு குறிப்பேடு ஆகிய நான்கும் போதும்.

பூவா தலையா என்று சுண்டிப் பார்க்கும் இரு பக்கங்களைத் தவிரக் காசுக்கு மூன்றாவதாக ஒரு பக்கம் உண்டு, அது விளிம்பு. விளிம்பு வரி வரியாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா, நடுவில் பள்ளமும் அதற்குள் கோடுகளும் உள்ளனவா என்பதெல்லாம் அடையாளங்கள். போலிகள் பெரும்பாலும் அகப்படும் இடமும் இதுதான்.

அடுத்தது ஆண்டு. அதன் கீழே அல்லது பக்கத்தில் இருக்கும் நுண்ணிய குறியைப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் கவனிப்பதில்லை. அந்தக் காசு எந்த நாணயச்சாலையில் பிறந்தது என்பதைச் சொல்லும் முத்திரை அது. இந்தியாவில் இப்போது நான்கு நாணயச்சாலைகள் இயங்குகின்றன:

1. மும்பை: வைர வடிவம். சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அச்சடித்த காசுகளில் பி அல்லது எம் என்ற ஆங்கில எழுத்தும் வரும்.
2. ஹைதராபாத்: ஐந்து முனை நட்சத்திரம். முந்தைய ஆண்டுகளில் நடுவில் பிளந்த வைரம் போன்ற குறிகளும் உண்டு.
3. நொய்டா: வட்டப் புள்ளி. இந்த நாணயச்சாலை 1988இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது.
4. கொல்கத்தா: குறி எதுவும் இல்லை. குறி இல்லாததே அதன் அடையாளம்.

சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலங்களில் அரசு வெளிநாடுகளிலும் காசு அச்சடித்து வாங்கியது. 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே எச் என்ற எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானது. வேறு சில ஆண்டுக் காசுகளில் தலையில் சிறு வளையம் சுமந்த எம் இருந்தால் மெக்சிகோ. பஸ்ஸில் மீதிச் சில்லறையாக வந்து நம் பையில் விழுந்த காசு கடல் கடந்து வந்தது என்று கண்டுகொள்ளும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஒரு பைசா செலவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் என்னைக் கேட்டால் இதுவே மிகப் பெரிய ஈர்ப்பு.

பிறகு உலோகம். காந்தம் ஒட்டினால் போலி என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டா, எனவே வெள்ளி என்று விற்கப்படும் காசு ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஆனால் நிக்கல் ஒட்டும், ஆகவே 1947 நிக்கல் ரூபாய் ஒட்டுவதே சரி. 1988 முதல் வந்த எஃகு 10, 25, 50 பைசாக்களும் 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாயும் ஒட்டும். எந்தக் காசு எந்த உலோகம் என்று தெரிந்துகொண்ட பிறகே காந்தம் பயன்படும்.

நிலை என்றால் என்ன, ஏன் கழுவக் கூடாது

ஒரு காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே நிலை. சந்தையில் கேட்கும் சொற்கள் இவை: ஃபைன் என்றால் நன்றாகவே தேய்ந்தது, ஆனால் எழுத்தும் உருவமும் தெளிவாகத் தெரியும். வெரி ஃபைன் என்றால் மிதமான தேய்மானம். எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்மானம். யுஎன்சி என்றால் புழக்கத்தில் தேயாதது, அச்சான நாளின் மினுமினுப்பு மிச்சம் இருப்பது. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் அமைத்த 70 வரையிலான மதிப்பெண் முறையைப் பின்பற்றித் தரச்சான்று நிறுவனங்கள் காசை ஆராய்ந்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழையில் பூட்டித் தருகின்றன. தொடங்குபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

தேய்மானம் முதலில் விழுவது மிக உயர்ந்த மேடுகளில். அரசர் உருவம் உள்ள காசில் புருவம், காதுக்கு மேலுள்ள முடி, கிரீடம் ஆகியவற்றைப் பாருங்கள். அசோகச் சிங்கத்தில் முகத்தையும் பிடரியையும் பாருங்கள். விற்பவர் சொல்லும் நிலையை அப்படியே ஏற்காமல் லென்ஸ் வழியாக இந்த இடங்களைப் பார்த்து நீங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய அழிவு கழுவுவதுதான். புளி, எலுமிச்சை, திருநீறு, பிராசோ எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றே. வெள்ளியின் மீது படிந்த கருமையும் செம்பின் மீது படிந்த பழுப்பும் அழுக்கு அல்ல. உலோகம் காற்றோடு பல ஆண்டுகள் வினைபுரிந்து உருவாக்கிய மெல்லிய படலம் அது. அமிலம் அந்தப் படலத்தோடு உலோகத்தின் மேற்பரப்பையும் அரித்துவிடும். பொடி போட்டுத் தேய்த்தால் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் விழும். புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு போலக் காசு பளபளக்கும். வாங்குபவர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துப் பாதி விலைக்குக் கேட்பார். போன மேற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

ஒட்டிய மண்ணை நீக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துடைக்காமல், பருத்தித் துணியில் ஒற்றி உலரவிடலாம். அவ்வளவுதான் அனுமதி. செப்புக் காசில் மாவு போன்ற வெளிர் பச்சைப் புள்ளிகள் தோன்றிப் பரவினால் அது மேற்பரப்புப் படலம் அல்ல, உப்பால் வரும் அரிப்பு. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

காசை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சில ஆண்டுகளில் பச்சை நிறப் பிசுபிசுப்பைக் காசில் கசியவிடும். நடுவில் மைலார் (பிவிசி கலக்காத தெளிவான பிளாஸ்டிக்) படலம் ஒட்டிய அட்டை ஹோல்டர்களே நல்லவை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று தொடங்குபவர்கள் ஆறு மாதத்தில் ஒரு டப்பா நிறையக் காசும் ஒரு திசையும் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். எல்லை வகுத்துக்கொள்வது அவசியம். எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் மூன்று வழிகள்:

1. சில்லறையிலிருந்து ஒரு மதிப்பு. ஒரு ரூபாய் அல்லது இரண்டு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் ஒரு காசு என்று நிரப்புவது. எஃகு ரூபாய், சிலுவைக் கோடுகள் கொண்ட ரூபாய், 2007இல் தொடங்கிய நாட்டிய முத்திரை ரூபாய், 2011இல் ரூபாய்ச் சின்னத்துடன் வந்தது, 2019இன் புதிய வரிசை என்று முப்பது ஆண்டுக்குள்ளேயே எத்தனை மாற்றங்கள்!
2. பத்து ரூபாய்க் காசின் வடிவங்கள். தமிழ்நாட்டில் பல கடைகள் இந்தக் காசை வாங்க மறுத்தது நினைவிருக்கும். ரூபாய்ச் சின்னம் இருப்பது நல்லது, இல்லாதது போலி என்ற வதந்தியே காரணம். சின்னமே 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது என்பதால் அதற்கு முன் அச்சான காசில் அது இருக்க வழியில்லை. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கியது. அந்தப் பதினான்கையும் தேடிச் சேர்ப்பதே ஓர் அழகான முதல் தொகுப்பு.
3. பைசா காலம். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய், அணா, பைசா, தம்பிடி என்ற பழைய கணக்கு போய், நூறு நயா பைசா என்ற தசமக் கணக்கு வந்தது. 1964 ஜூன் 1 முதல் நயா என்ற அடைமொழி நீக்கப்பட்டது. சதுரம், அறுகோணம், அலை விளிம்பு என்று எழுத்தறியாதவரும் தொட்டே மதிப்பை அறியும்படி அமைந்த வடிவங்கள் அவை. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டதால் வியாபாரிகளிடமோ உறவினரின் பெட்டிகளிலோதான் தேட வேண்டும். பெரும்பாலானவை மலிவு.

முதல் வழியில் தொடங்குவதையே பரிந்துரைக்கிறேன். முகமதிப்பைத் தவிர வேறு செலவில்லை, தவறாக எடுத்த காசைத் திரும்பச் செலவழித்துவிடலாம், அதற்குள் கண் பழகிவிடும். குழந்தைகளோடு சேர்ந்து செய்யவும் இது ஏற்றது.

ஒவ்வொரு காசுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: ஆண்டு, நாணயச்சாலை, எடை, எங்கே கிடைத்தது, என்ன கொடுத்து வாங்கினீர்கள். பின்னாளில் உங்கள் பிள்ளைகளுக்குக் காசைவிட அந்தக் குறிப்பேடு அதிகம் பயன்படும்.

நினைவு நாணயங்கள்: இரு வகை, இரு விதி

இந்தியா நினைவு நாணயம் வெளியிடத் தொடங்கியது 1964இல், நேருவின் மறைவுக்குப் பின். அவற்றில் ஒரு வகை புழக்கத்துக்கு வரும். அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் வந்த ஐந்து ரூபாய்க் காசில் அவரது தமிழ்க் கையெழுத்தே பொறிக்கப்பட்டது. தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் தேடி எடுத்துவைக்க வேண்டிய காசு அது என்பேன்.

இன்னொரு வகை புழக்கத்துக்கு வராதது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம், 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் போன்றவை இந்த வகை. கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலையில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயம் வெளியானபோதும், அது கடைகளில் புழங்குமா என்று பலர் கேட்டார்கள். புழங்காது. இவற்றை அரசு நாணயச்சாலையே முன்பதிவு பெற்று, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும். கண்ணாடி போன்ற பின்புலத்தில் உருவம் மட்டும் பனி படர்ந்தது போல் நிற்கும்படி, மெருகேற்றிய அச்சால் அடிக்கப்படுவது ப்ரூஃப் எனப்படும். அதற்கு இன்னும் கூடுதல் விலை.

வெளியீட்டு நாளின் பரபரப்பில் வெளிச்சந்தையில் மும்மடங்கு கொடுத்து வாங்க வேண்டாம். பிடித்த தலைவர், பிடித்த கோயில் என்பதற்காக நாணயச்சாலையிடமே வாங்குங்கள். விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்கினால், ஏறும்போது உங்களிடம் வாங்குவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பழந்தமிழ்க் காசுகளும் போலிகளும்

தமிழ் மண்ணில் பிறந்தவருக்குப் பழங்காசின் மீது ஆசை வராமல் இருக்காது. சங்ககாலச் சேர, சோழ, பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் வில்லும் புலியும் மீனும் நிற்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்த 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசு, சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பெயரை உலோகத்தில் காட்டியது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கடல் வழி வந்தவர்களும் இங்கே காசு அடித்தார்கள்: தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக் காசின் ஒரு பக்கம் அல்லிப்பூச் சின்னம், மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த அரை வராகனில் கோயில் கோபுரம் இருக்கும். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது அன்றைய கணக்கு. சென்னையின் தங்கசாலைத் தெரு அந்தப் பழைய நாணயச்சாலையின் பெயரை இன்றும் சுமக்கிறது.

ஆசை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். திருவிழாக் கடைகளிலும் இணையத்திலும் மிகுதியாக விற்கப்படுவது, கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1818 என்றும் பொறித்து, மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்களோடு வரும் 'அணா'. கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் வெளியிடவில்லை. அது பக்திக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லை. பூஜை அறையில் வைக்கலாம், லட்சம் கொடுத்து வாங்க அதில் ஒன்றுமில்லை.

உண்மையான காசின் அச்சில் வார்த்த போலிகளைக் கண்டுகொள்ளச் சில சோதனைகள் உண்டு. வார்ப்பில் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கி, சோப்பில் செதுக்கியது போலத் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு இணைப்புக் கோடு ஓடலாம், அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராமிலிருந்து தேய்மானத்துக்கு மேல் விலகினால் சந்தேகப்பட வேண்டும். 1939 போன்ற அரிய ஆண்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு: காசு உண்மை, ஆண்டு எண் மட்டும் செதுக்கி மாற்றப்பட்டது. அந்த ஓர் எண்ணை மட்டும் லென்ஸில் உற்றுப் பார்த்து, சுற்றியுள்ள தளத்தின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் என் கருத்து, சங்ககாலக் காசைத் தொடக்கக் காலத்தில் வாங்கவே வேண்டாம். அவற்றில் போலியைப் பிரித்தறிய நூற்றுக்கணக்கான உண்மைக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்த கண் வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு, மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம், மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகளின் கூட்டங்கள், ஊர்தோறும் நடக்கும் நாணயக் கண்காட்சிகள் ஆகியவை கண்ணைப் பழக்கும் இடங்கள். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் தங்கள் காசுகளைக் காட்டத் தயங்குவதில்லை, கேட்பவர்தான் தயங்குகிறார்.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

நாணயம் சேர்ப்பது சட்டப்படி முழுக்க அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. ஆனால் நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

1. நிலத்தில் புதைந்திருந்த காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதற்கும் இது பொருந்தும். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்த பானையை ரகசியமாக விற்பது குற்றம். வரலாற்றுக்கும் இழப்பு, ஏனெனில் எந்தக் காசு எதோடு சேர்ந்து எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற தகவல் அத்தோடு அழிந்துவிடும்.
2. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் எடுத்துச் செல்வதும் தடை. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினருக்கு விக்டோரியா ரூபாயைப் பரிசாகக் கொடுத்தனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.
3. புழக்கத்திலுள்ள காசுகளை உருக்குவதும் சிதைப்பதும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி தண்டனைக்குரியது.
4. 2016இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை நினைவுக்கென்று வைத்திருப்பவர்கள் கவனிக்க: மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ஆய்வு, நாணயவியல் நோக்கத்துக்கு மட்டும் 25 வரை அனுமதி.

மோசடி இயங்கும் விதம்

விளம்பரத்தில் உள்ள எண்ணை அழைத்தவுடன் மறுமுனை பேரம் பேசாது. கேட்ட தொகையைவிட அதிகமே தருவதாகச் சொல்லும். இதுவே முதல் அடையாளம்: காசைக் கையில் வாங்கி எடை பார்க்காமல், விளிம்பைப் பார்க்காமல், புகைப்படத்தை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் லட்சங்கள் சொல்ல மாட்டார். அடுத்து ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம். அதன்பின் பதிவுக் கட்டணம் என்று சிறு தொகை. அது வந்ததும் ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம், காப்பீடு என்று ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இடையில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு போலிக் கடிதமும் வரும்.

ரிசர்வ் வங்கி இத்தகைய விற்பனைகளில் ஈடுபடுவதில்லை, தன் சார்பில் கட்டணம் வாங்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை. விற்பவர் பணம் கட்ட வேண்டும் என்று எங்கே கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம்.

பரண் பெட்டியை விற்க நினைத்தால்

தாத்தா விட்டுச்சென்ற காசுகளை விற்க விரும்புபவர்கள் முதலில் கழுவாமல், நாடு, ஆண்டு, நாணயச்சாலை, எடை வாரியாகப் பட்டியலிடுங்கள். வெள்ளியைத் தனியே பிரித்து அடிமட்ட மதிப்பைக் கணக்கிடுங்கள். இணையத்தில் விலை தேடும்போது, விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. ஒரு ரூபாய்க் காசுக்கு எவர் வேண்டுமானாலும் ஒரு கோடி என்று எழுதி வைக்கலாம், வாங்க ஆளிருக்காது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுற்ற விலைகளையே பாருங்கள். அதிலும் வாங்கியவர் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

வியாபாரி தருவது சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். கடை வாடகை, காசு விற்காமல் முடங்கும் காலம் எல்லாம் அவர் கணக்கில் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். மூன்று பேரிடமாவது, முடிந்தால் ஒரு கண்காட்சியில் ஒரே நாளில், தனித்தனியாகக் காட்டுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கண் எந்தக் காசில் நின்றது என்று பார்த்து, அதைத் தனியே எடுத்து வைத்து, மீதிக்கு மட்டும் விலை கேளுங்கள்.